கும்பலாகக் கேளிக்கைப் பூங்காவுக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள்

28,560 ரூபாய். குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்கள் பொங்கலிலிருந்து தலைக்கு வாரம் 50 ரூபாய் என்று எடுத்துவைத்துச் சேர்த்த பணம். ஆயிரம் பீடி சுற்றி முடித்தால்தான் எங்கள் பெண்களுக்கு ஒரு நாள் கூலி என்ற ஒன்று உண்டு. அந்தக் கூலியிலிருந்து பிய்த்து வைத்ததை ஒருவன் வாயில் போட்டுக்கொண்டு, ஒரு வாரம் எங்களை அலைக்கழித்து, இப்போது எங்கள் போன் எண்களை எல்லாம் பிளாக் செய்துவிட்டான்.

பெரிய கூட்டமாகப் பூங்காவுக்குப் போவது எப்படி, எந்தக் கிழமை போகலாம், என்ன உடுத்தலாம், பிள்ளைகளை எப்படிக் கூட்டிச் சேர்ப்பது என்று பூங்காவிலிருந்து திரும்பியதும் எழுதுவதாகப் பக்கத்துத் தெருக் குழுக்களிடம் சொல்லியிருந்தேன். அவர்களும் இந்த விடுமுறைக்குள் போக வேண்டும் என்று பணம் சேர்த்து வைத்திருக்கிறார்கள். குறிப்புகளைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுவது நான். பிள்ளைகளையும் சேர்த்து 46 பேர். சென்னையை ஒட்டிய பெரிய கேளிக்கைப் பூங்கா ஒன்றுக்கு, மே மாதத்து சனிக்கிழமை ஒன்றில் போவதென்று முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகிறவர்கள் இருக்கிறார்கள், வாரநாளில் கூலி போய்விடும், அதனால் சனிக்கிழமை. அந்த நேரத்தில்தான் முகநூலில் ஒரு விளம்பரம் வந்தது. குழுக்களுக்கு மட்டும் டிக்கெட் எடுத்துத் தரும் முகவர். கடை கிடையாது, வாட்ஸ்ஆப் எண் மட்டும். தலைக்கு 840 ரூபாய், பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் ஒரே கட்டணம். நுழைவு, மதியச் சாப்பாடு, லாக்கர், தண்ணீர் விளையாட்டுக்கான நைலான் உடை, வரிசையில் நிற்காமல் ஏறும் ஃபாஸ்ட் டிராக் எல்லாம் அதற்குள்ளேயே என்றது விளம்பரம்.

பூங்காவின் சொந்த இணையதளத்தில் அன்றைக்கு வெறும் நுழைவுக் கட்டணமே தலைக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் கூடுதலாக இருந்தது. ஆனால் கூட்டமாகப் போனால் தள்ளுபடி தருவது பெரிய பூங்காக்களில் பொதுவாக உள்ள வழக்கம். பள்ளிக்கு ஒரு விலை, கல்லூரிக்கு ஒரு விலை, கம்பெனிக்கு ஒரு விலை என்று உண்டு. ஆகவே 840 என்பது நம்ப முடியாத விலை இல்லை. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் அவன் அந்த விலையை வைத்திருக்கிறான்.

எப்படி நம்ப வைத்தான் என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும். அடுத்து அவன் கையில் சிக்கப்போகிறவர்களுக்கு அதுதான் தெரிய வேண்டும்.

பேச்சில் அவ்வளவு பணிவு. "அக்கா, நீங்கள் மொத்தப் பணத்தையும் இப்போது கட்டவே வேண்டாம். முதல் 12 பேருக்கு மட்டும் 10,080 கட்டுங்கள். டிக்கெட் அனுப்புகிறேன். பூங்காவுக்கே போன் செய்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். திருப்தியாக இருந்தால் மீதியைப் பார்க்கலாம்." இதற்கு மேல் ஒருவன் என்ன சொல்ல வேண்டும்? 10,080 கட்டினோம். கால் மணி நேரத்தில் பிடிஎஃப் வந்தது. 12 பேர் பெயரும் அச்சாகி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு கியூஆர் கோடு. நான் பூங்காவின் அலுவலக எண்ணுக்குப் பேசி முன்பதிவு எண்ணைச் சொன்னேன். அங்கிருந்த பெண் கணினியில் பார்த்துவிட்டு, "ஆமாம், 12 பேர், சனிக்கிழமை, பணம் முழுவதும் கட்டப்பட்டுள்ளது" என்றார். குழுவில் எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினேன். அத்தனை பேர் முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. அன்று மாலையே மீதி 34 பேருக்கான 28,560 ரூபாயை யுபிஐயில் அனுப்பினோம். அனுப்பும்போது திரையில் வந்தது ஒரு தனிநபரின் பெயர். கேட்டதற்கு, "எங்கள் கணக்காளர் அக்கா, ஜிஎஸ்டி பில் நிறுவனத்தின் பெயரில் வந்துவிடும்" என்று ஒரு ஜிஎஸ்டி சான்றிதழின் படத்தையும் அனுப்பிவைத்தான்.

இரவு மேலும் மூன்று பிடிஎஃப் வந்தன. 12 பேர், 12 பேர், 10 பேர். ஒவ்வொன்றிலும் வேறு முன்பதிவு எண், எங்கள் ஆட்களின் பெயர்கள், அதே அச்சு, அதே பூங்காப் படம். நகலகத்தில் கொடுத்து எல்லாவற்றையும் தாளில் எடுத்துக்கொண்டோம்.

விடிவதற்கு முன்பே பஸ் கிளம்பியது. பூங்கா திறக்கும் நேரத்துக்கு வாசலில் இருந்தோம். கத்திரி வெயில் அப்போதே சுட ஆரம்பித்துவிட்டது. வரிசையில் பிள்ளைகளை முன்னால் விட்டோம். கூட்டத்தில் யாரும் அப்படித்தானே செய்வார்கள்? 11 பிள்ளைகள், அவர்களோடு பிளஸ் டூ முடித்த ஒரு பெண். முதல் தாள். கையில் ஸ்கேனரை வைத்திருந்த பையன் ஒவ்வொன்றாகக் காட்ட, ஒவ்வொன்றுக்கும் பச்சை விளக்கு. 12 பேரும் சுழல் கம்பியைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

பதின்மூன்றாவது ஆள் எங்கள் குழுத் தலைவி. சிவப்பு. பையன் தாளைத் தேய்த்துவிட்டு மறுபடி காட்டினான். சிவப்பு. "ஏற்கெனவே உள்ளே போன டிக்கெட்" என்றான். அடுத்தவருக்கும் சிவப்பு, அதற்கடுத்தவருக்கும் சிவப்பு. பின்னால் நின்ற கூட்டம் சத்தம் போட ஆரம்பித்தது. மேற்பார்வையாளர் வந்து எங்கள் இரண்டு தாள்களையும் வாங்கி, இரும்புக் கம்பியின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பெயர் வேறு, எண் வேறு. கறுப்புப் புள்ளிகள் நிறைந்த அந்தக் கட்டம் மட்டும் இம்மி பிசகாமல் ஒன்றே. முதல் தாளில் இருந்த 12 கியூஆர் கோடுகளையே மற்ற மூன்று தாள்களிலும் ஒட்டி, மேலே எங்கள் பெயரையும் ஒரு கற்பனை எண்ணையும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறான்.

உண்மையான 12 டிக்கெட்டைத் தன் கைக்காசையும் கொஞ்சம் போட்டு வாங்கியிருக்கிறான். அந்த 12 தூண்டில் புழு. அதைக் காட்டி 28,560 ரூபாயை இழுத்துவிட்டான்.

வாசலிலிருந்தே அவனுக்குப் போன் செய்தேன். எடுத்தான். "சர்வர் பிரச்சினை மேடம், பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்." பத்து நிமிடம் கழித்து, "மூன்றாம் கவுண்டரில் எங்கள் ஆள் நிற்கிறார், போய்ப் பாருங்கள் மேடம்." மூன்றாம் கவுண்டரில் தண்ணீர் பாட்டில் விற்கிறார்கள். அடுத்த அழைப்பில் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

உள்ளே 11 பிள்ளைகள், வெளியே அவர்களின் அம்மாக்கள். ஆறு வயதுப் பையன் ஒருவன் கம்பிக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டு "அம்மா, வா" என்று கத்துகிறான். அந்தப் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி எத்தனை பேரைப் பிடித்து வைப்பாள்? பூங்கா அலுவலகத்தில் கேட்டால், "எங்களிடம் 12 பேருக்குத்தான் பணம் வந்திருக்கிறது, உள்ளே போனால் வெளியே வந்து மறுபடி நுழைய முடியாது" என்ற ஒரே பதில். அவர்கள் கணக்குப்படி அது சரி. ஆனால் எங்கள் தாள்கள் போலி என்று எழுதி ஒரு முத்திரை வைத்துத் தாருங்கள், போலீசுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் மறுத்துவிட்டார்கள். தன் பூங்காவின் பெயரில் போலி டிக்கெட் ஓடுகிறது என்று தெரிந்த பிறகும் ஒரு வரி எழுதித் தர மனம் வரவில்லை அவர்களுக்கு.

திரும்பும் வழியில் சாப்பிட வைத்திருந்த பணம், கையிலிருந்தது, கழுத்துப் பையிலிருந்தது எல்லாவற்றையும் போட்டு, மீதி எட்டுப் பிள்ளைகளுக்கும் நான்கு பெரியவர்களுக்கும் கவுண்டரில் டிக்கெட் எடுத்தோம். பதின்மூன்றாயிரத்துச் சொச்சம். மீதி 22 பேர் சாயங்காலம் வரை வாகன நிறுத்தத்தில், பஸ்ஸுக்குள்ளும் பஸ் நிழலிலும் உட்கார்ந்திருந்தார்கள். பொங்கலிலிருந்து சேமித்தது அவர்கள். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்று பஸ்ஸிலேயே வைத்திருந்த புளிசாதம்தான் அவர்களுக்கு அன்றைய விருந்து. அறுபது வயதைத் தாண்டிய அக்கா ஒருவர் இதற்காகவே நைலான் பேண்ட், சட்டை தைத்து வைத்திருந்தார், சேலையோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள் என்று. அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டே அவர் வீடு திரும்பினார். அவரிடம் அந்தக் கயவன் என்ன பதில் சொல்வான்?

திங்கட்கிழமை மீண்டும் போனை எடுத்தார்கள். இப்போது வேறு குரல், "கணக்குப் பிரிவு". ஏழு வேலை நாட்களில் 28,560 ரூபாயும் வந்துவிடும் என்றார்கள். இரண்டு நாள் கழித்து, பணத்தைத் திருப்ப ஒரு இணைப்பு அனுப்பினார்கள்: அதில் வங்கி விவரத்தைப் போட்டு, வந்த ஓடிபியைச் சொல்ல வேண்டுமாம். மிச்சமிருப்பதையும் வழித்தெடுக்கத் திட்டம். சொல்ல முடியாது என்றதும், அடுத்த பயணத்துக்கு இருபது சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். அடுத்த பயணமாம்! பிறகு, "உங்கள் ஆட்கள் உள்ளே போனார்களே, சேவை வழங்கப்பட்டுவிட்டது" என்று ஒரு செய்தி. அதோடு முகப்புப் படம் மறைந்தது. எங்கள் குழுவில் யார் போன் செய்தாலும் இணைப்பு கிடைப்பதில்லை.

அவன் அனுப்பிய ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுத் தேடினோம். வேறு மாவட்டத்தில் உள்ள ஒரு டைல்ஸ் கடையின் பெயர் வருகிறது. அந்தக் கடைக்காரருக்கும் இது தெரியாது.

உள்ளூர்க் காவல் நிலையத்தில், சம்பவம் நடந்த இடத்தில் போய்ப் புகார் கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் இணையப் பண மோசடிகளைப் புகார் செய்யும் 1930 எண்ணுக்குப் பேசினோம். யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தேதி, நேரம், தொகை எல்லாம் கேட்டுப் பதிவு செய்துகொண்டு புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். பணம் கணக்கு கணக்காகக் கைமாறி வெளியே எடுக்கப்படுவதற்குள் சொன்னால்தான் வங்கி அதை முடக்கி வைக்க முடியும். "சர்வர் பிரச்சினை", "ஏழு வேலை நாட்கள்" என்பதெல்லாம் அந்த நேரத்தை நம்மிடமிருந்து பறிக்கத்தான். 28,560 ரூபாயில் ஒரு பைசா இதுவரை வரவில்லை.

குறிப்புகள் எழுதுவதாகச் சொன்னேன். கை நடுங்குகிறது, முக்கியமானவற்றை மட்டும் எழுதுகிறேன்.

டிக்கெட்டைப் பூங்காவின் சொந்த இணையதளத்திலோ, பூங்காவின் குழு முன்பதிவு அலுவலகத்திலோ மட்டும் எடுங்கள். குழுத் தள்ளுபடி அங்கேயே கிடைக்கும், கேட்டால் தருவார்கள்.

யாரிடம் எடுத்தாலும், வந்த எல்லா முன்பதிவு எண்களையும் பூங்காவில் கேளுங்கள். ஒன்று சரியாக இருந்தால் மற்றவையும் சரி என்று ஆகாது. கியூஆர் கோடுகளை போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். வெவ்வேறு முன்பதிவு எண் உள்ள இரண்டு தாள்களில் ஒரே எழுத்தும் எண்ணும் வந்தால் போலி.

நிறுவனம் என்று சொல்லிவிட்டுத் தனிநபர் பெயருக்குப் பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். ஜிஎஸ்டி எண்ணைப் படத்தில் பார்த்து நம்பாமல் இணையதளத்தில் தேடிப் பாருங்கள், இலவசம்தான்.

வாசலில் முதலில் இரண்டு பெரியவர்கள் போகட்டும், பிள்ளைகள் நடுவில், கடைசியிலும் பெரியவர்கள். எல்லார் டிக்கெட்டும் பச்சை காட்டும்வரை பிள்ளைகளைத் தனியே உள்ளே விடாதீர்கள்.

ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே, வாசலில் நின்றபடியே 1930-க்குப் பேசுங்கள். ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள். வாட்ஸ்ஆப் உரையாடலை அழிக்காதீர்கள். நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. நாங்கள் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அந்த விளம்பரம் இன்று காலையிலும் முகநூலில் ஓடுகிறது, "840 ரூபாய், குழுக்களுக்கு மட்டும்" என்று. பள்ளி திறக்க இன்னும் சனிக்கிழமைகள் மிச்சமிருக்கின்றன. ஒரே கியூஆர் கோடு இரண்டு தாளில் வந்து இதே முறையில் ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால், அந்தத் தாள்களைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள், 1930-இல் உங்கள் புகாரையும் பதிவு செய்யுங்கள்.