பட்டுப்புடவைய கூரியர்ல போடப் போறீங்களா? இதப் படிச்சுட்டு போங்க

18,400 ரூபா போச்சு. இப்பதான் மெயில் வந்துச்சு, பார்சல் கிடைக்கலையாம், நஷ்டஈடு 500 ரூபா தர்றாங்களாம், பேங்க் டீடெய்ல்ஸ் அனுப்பணுமாம். ஆத்திரத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா விடுங்க.

கம்பெனி பேர் வேணாம். ஜெராக்ஸ் கடை ஓரத்துல ஒரு எடை மெஷின், ஒரு பிரிண்டர் வச்சுக்கிட்டு பிரான்சைஸ்னு ஊர் ஊரா நடத்துவாங்களே, அந்த ரகம், எங்க வேலூர்ல.

தங்கச்சி புனேல இருக்கா, வளைகாப்பு. அம்மா காஞ்சிபுரம் போயி கடை கடையா ஏறி இறங்கி எடுத்த அரக்கு கலர் புடவை 17,250, ஜாக்கெட் தையல் கூலி ஃபால்ஸ் எல்லாம் சேத்து 1,150. மாசமா இருக்கறவளுக்கு அளவு மாறிருக்கும், போட்டுப் பாத்து பிரிச்சுத் தைக்க டைம் வேணும்னுதான் நாங்க கிளம்பறதுக்கு முன்னாடியே அனுப்பினோம்.

கவுண்டர்ல இருந்த பையன் என்னா மரியாதை தெரியுமா. "உக்காருங்கக்கா"ன்னு ஸ்டூல் போட்டான், வளைகாப்பு புடவைன்னதும் "அப்ப நானே பேக் பண்றேங்கா"ன்னு பபிள் ஷீட்லாம் சுத்தி டேப் ஒட்டினான். இன்சூரன்ஸ் போடணுமாப்பான்னு நான் கேட்டேங்க, வாய் விட்டுக் கேட்டேன். "அதெல்லாம் வேஸ்ட்டுக்கா, நம்ம பிரான்ச்ல ஒண்ணுகூட காணாமப் போனதில்ல, மூணு நாள்ல தங்கச்சி கைல இருக்கும், நான் பொறுப்பு." சொல்லிக்கிட்டே சிலிப்ப நாலா மடிச்சு கவர்ல போட்டு நீட்டிட்டான். அதுல பொருள் "துணி", மதிப்பு 500ன்னு அவனா அடிச்சு வச்சிருக்கான்!

அது மட்டுமா, பின்கோடு 411ல ஆரம்பிக்கும், புனே. இவன் அடிச்சது 441, நாக்பூர் பக்கம். நடுவுல கிட்டத்தட்ட 700 கிலோமீட்டர். பாக்ஸ் மேல நான் மார்க்கர்ல கொட்டை எழுத்துல புனேன்னு எழுதினேன், அது மேலயே ஸ்டிக்கர ஒட்டிட்டான் புண்ணியவான். வழியில எவன் அட்ரஸ படிக்கிறான், ஸ்கேன் பண்றான் தூக்கி எறியறான்.

டிராக்கிங்ல நாக்பூர் ஹப்னு (பார்சலப் பிரிச்சு அனுப்பற இடம்) வந்துச்சு. அடுத்து வந்துச்சு பாருங்க, "டெலிவரிக்கு முயன்றோம், வீடு பூட்டியிருந்தது". எந்த வீடுடா? தங்கச்சி புனேல வாசக்கதவ தொறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா!

கஸ்டமர் கேர்ல பேசினா 48 மணி நேரம் டைம் குடுங்க மேடம், பிரான்ச்ல கேளுங்க மேடம். பிரான்ச்ல போயி நின்னா அதே பையன், ஸ்டூலும் இல்ல அக்காவும் இல்ல, "என் வேலை புக்கிங் மட்டும்தாங்க, ஹப்புல பேசுங்க". ஹப் நம்பர் ரிங் போகுது, எடுக்க ஆள் இல்ல. நடுவுல புனேக்கு திருப்பி விட்டாச்சுன்னு ஒரு மெசேஜ், அதோட சரி. வளைகாப்பும் முடிஞ்சு போச்சு, அவ பழைய கல்யாணப் புடவைய கட்டிக்கிட்டா. இப்ப 18,400க்கு 500 தர்றாங்களாம், சிலிப்ல போட்ட மதிப்பு அதானாம்.

தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்ட்ட கேட்டேன். 1996லயே சுப்ரீம் கோர்ட்ல ஒரு கேஸாம், ஜெர்மனிக்கு துணி அனுப்பற ஒரு நிட்டிங் கம்பெனியோட டாக்குமென்ட்ட கூரியர்காரன் தொலைச்சுட்டான், கையெழுத்து போட்ட சிலிப்ல 100 டாலர்தான் லிமிட்னு இருந்ததால அவங்களுக்கு அவ்வளவுதான் கிடைச்சுதாம். ஆனா என் சிலிப்ல என் கையெழுத்தே இல்ல, அத வச்சு மாவட்ட கன்ஸ்யூமர் கமிஷன்ல போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாதுன்னாரு. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் 1915க்கும் போன் அடிச்சு கம்ப்ளெய்ன்ட் பதிஞ்சாச்சு.

என்னென்ன பாக்கணும்னு விலாவாரியா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், இப்ப பொறுமை இல்ல. கவுண்டர விட்டு நகர்றதுக்கு முன்னாடி சிலிப்ப பிரிச்சு பின்கோட ஒவ்வொரு நம்பரா பாருங்க. மதிப்பு எவ்வளவு போட்டான்னு பாருங்க, கம்மியா இருந்தா அங்கயே அடிச்சு மாத்த சொல்லுங்க. பாக்ஸ் உள்ளயும் ஒரு அட்ரஸ் சீட்டு போடுங்க. தபாலாபீஸ்னாலும் இன்சூர் பண்ணி அனுப்புங்க, சும்மா ஸ்பீட் போஸ்ட் தொலைஞ்சா கட்டின சார்ஜ்ல ரெண்டு மடங்கோ 1000 ரூபாவோ, எது கம்மியோ அதான் தருவாங்க.