பாலக்கோடு சாலை நாற்றுப்பண்ணையில் வாங்கிய மருந்துக் கூர்க்கன் நாற்றுகள்

தர்மபுரியிலிருந்து பாலக்கோடு செல்லும் சாலையில், ஒரு தம்பதியர் தங்கள் அரை ஏக்கர் நிலத்தில் நடத்திவரும் சிறிய மூலிகை நாற்றுப்பண்ணையில் சென்ற ஆடி மாதம் 4,000 மருந்துக் கூர்க்கன் நாற்றுகள் வாங்கினேன். தை மாதம் கிழங்கு வெட்டி முடித்துவிட்ட நிலையில், அந்தப் பண்ணையைப் பற்றி உறுதியாக எழுத முடிகிறது.

முதலில் செடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். துளசி, புதினா குடும்பத்தைச் சேர்ந்த இது பல ஆண்டு வாழக்கூடிய செடி என்றாலும், கிழங்குபோல் பருத்த வேருக்காக நம் பகுதியில் ஆறு மாதப் பயிராகவே நடப்படுகிறது. அந்த வேரிலுள்ள ஃபோர்ஸ்கோலின் என்னும் பொருளுக்காகத்தான் மருந்து நிறுவனங்கள் இதை வாங்குகின்றன. பெயரால் வரும் குழப்பமும் உண்டு. சமைத்து உண்ணும் சிறுகிழங்கையும் சில ஊர்களில் கூர்க்கன் என்றே அழைப்பார்கள். வீட்டு வாசலில் வளரும் கற்பூரவல்லியும் இதற்கு நெருங்கிய உறவு என்பதால், பூக்காத இளநாற்றாக இருக்கும்போது மூன்றையும் மாற்றி எடுத்துவிட வாய்ப்பிருக்கிறது.

இந்தப் பண்ணையில் எனக்கு முதலில் பிடித்தது, பணத்தைப் பற்றிப் பேசும் முன்பே அந்த அம்மையார் என்னைத் தாய்ச்செடிப் பாத்திக்கு அழைத்துச் சென்றதுதான். கற்பூரவல்லி இலையைக் கையில் கொடுத்து ஒடிக்கச் சொன்னார். நீர்ச்சத்து நிறைந்த அந்தத் தடித்த இலை படக்கென ஒடிந்து ஓம வாசனை அடித்தது. கூர்க்கன் இலை அதைவிட மெல்லியது, மென்மயிர் படர்ந்தது, காம்பை நோக்கி ஒடுங்கி வருவது. இரண்டுக்கும் தண்டு சதுரமாக இருப்பதால் தண்டை வைத்துப் பிரிக்க முடியாது. பிறகு ஒரு கூர்க்கன் செடியையே பிடுங்கி, பொன்பழுப்பு நிற வேர் ஒன்றைக் கீறி முகரச் சொன்னார். இஞ்சியை நினைவூட்டும் காரமான மணம் அதில் இருந்தது. நாற்றுக்குத் தண்டு தரும் ஒரு தாய்ச்செடியை வாடிக்கையாளருக்காகப் பிடுங்கிக் காட்டும் மனம் எல்லோருக்கும் வாய்க்காது.

அடுத்து, நான் நடவிருந்த நிலத்தைப் பற்றி அவர் கேட்ட கேள்விதான் என் பயிரைக் காப்பாற்றியது. "அண்ணா, அந்தக் கொல்லையில முன்னாடி என்ன வெள்ளாமை வெச்சிருந்தீங்க?" தக்காளி என்றேன். அந்த நிலம் வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டார். தக்காளி வேரில் பெருகும் நூற்புழு மண்ணிலேயே தங்கிக் கூர்க்கன் வேரையும் தாக்கும் என்றும், செண்டுமல்லி வைத்திருந்த நிலம் இருந்தால் அதில் நடுங்கள் என்றும் விளக்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொருவரிடம் நாற்று வாங்கித் தக்காளி நிலத்தில் நட்டபோது, வேர் முழுதும் மணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக வந்து பாதிக்கு மேல் அழுகிப்போனது எனக்கு அப்போதுதான் விளங்கியது. அன்று நாற்று விற்றவர் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

நாற்றுகளின் தரத்தில் குறையில்லை. மூன்று நான்கு ஜோடி இலைகளுடன் விரல் நீளத்துக்குச் சற்று அதிகமாக நறுக்கிய நுனித்தண்டுகளை நிழல்வலையின் கீழ் ஒரு மாதம் வேர்பிடிக்க விட்டுத்தான் கொடுக்கிறார்கள். ஒரு நாற்று 1 ரூபாய் 50 காசு. செண்டுமல்லி எடுத்த 25 சென்ட் செம்மண் நிலத்தில் பார் அமைத்து, 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டதில் ஏறக்குறைய 3,750 நாற்றுகள் பிடித்தன. மீதியை, நாற்று பட்டுப்போகும் இடங்களை நிரப்ப வைத்துக்கொண்டேன். வேப்பம் பிண்ணாக்கு இட்டதும், நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டதும், ஊதாப் பூங்கதிர் எட்டிப் பார்த்தபோதெல்லாம் கிள்ளி விட்டதும் அவர்கள் சொல்லிக் கொடுத்தவை. பூவை விட்டுவிட்டால் வேர் பருப்பது குறையும். வெட்டிய வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை.

குறையென்றால், நாற்று கட்டிக் கொடுக்கும் முறையைச் சொல்வேன். ஈரச் சாக்கில் நெருக்கிக் கட்டியதால் வீடு வந்து சேர்வதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட நாற்றுகளின் இலைகள் வெந்துபோயின. அவற்றின் விலையைக் கழித்துக்கொள்ளவும் அவர்கள் முன்வரவில்லை. ரசீதும் கேட்ட பிறகே கிடைத்தது. வேரை யார் வாங்குவார்கள் என்பதை அவர்களிடம் எதிர்பார்க்க வேண்டாம். கொள்முதல் செய்பவரை உறுதி செய்துகொண்ட பிறகு நாற்று வாங்குவதே சரி.

வேரை அரைத்துச் சாப்பிட்டால் நல்லதா என்று அங்கு வந்த ஒருவர் கேட்டதற்கு, இது இரத்த அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது, மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள் என்று அந்த அம்மையார் கண்டிப்பாகச் சொன்னதையும் பாராட்ட வேண்டும். நடவுப் பருவத்தில் ஒரு மாதம் முன்னரே சொல்லிவைத்து, வெயில் ஏறும் முன் மூங்கில் கூடைகளோடு போனால் நாற்று வாடாமல் கொண்டுவரலாம்.