அப்பா தீவுக்கு 24 மணி நேரம்: ஒகசவாரா மாரு எப்படி?

டோக்கியோவுக்குத் தெற்கே சுமார் 1,000 கி.மீ. தள்ளி இருந்தாலும், ஒகசவாராத் தீவுகள் நிர்வாகத்தில் டோக்கியோவைச் சேர்ந்தவைதான். விமான நிலையம் கிடையாது. ஊர்க்காரர், சுற்றுலாப் பயணி எல்லோருக்கும் வழக்கமான வழி ஒகசவாரா மாரு கப்பல். இப்போது ஓடுவது அந்தப் பெயரில் மூன்றாவது. 2016 ஜூலையில் வந்தது. சுமார் 11,000 டன், 150 மீட்டர் நீளம். பழைய கப்பலுக்கு இருபத்தைந்தரை மணி நேரம் பிடித்தது, இதற்கு 24. டோக்கியோவின் தாகேஷிபா துறையில் காலை 11 மணிக்குப் புறப்பட்டால், மறுநாள் 11 மணிக்கு சிச்சிஜிமா.

சிச்சிஜிமா என்றால் அப்பா தீவு. ஹஹாஜிமா அம்மா தீவு. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பேரன் எல்லோருக்கும் ஆளுக்கொரு தீவு. வடக்கே மாப்பிள்ளை, மணப்பெண், கூடவே கல்யாணத் தரகரும் உண்டு! ஆனால் பொதுமக்கள் குடியிருப்பது அப்பாவிடமும் அம்மாவிடமும் மட்டுமே.

பலர் கோட்டைவிடுவது நாள் கணக்கில். சாதாரண நாட்களில் கப்பல் சிச்சிஜிமாவில் மூன்று இரவு நின்றுவிட்டு, பிற்பகல் 3 மணிக்குத் திரும்பும். ஆக மொத்தம் ஆறு நாள், அதில் இரண்டு இரவு கடலில். நடுவில் ஊர் திரும்ப நினைத்தால் முடியாது. புயல் வந்தால் அட்டவணை நகரும். டோக்கியோவில் இறங்கும் அன்றைக்கே விமானம் பதிவு செய்வது வம்பை விலைக்கு வாங்குவது. குளிர்காலத்தில் பராமரிப்புக்காகக் கப்பல் சில வாரம் ஓடாது. தீவில் கூடாரம் போடத் தடை என்பதால், அறையை உறுதி செய்துவிட்டே டிக்கெட் எடுக்க வேண்டும்.

இரண்டாம் வகுப்பில் மலிவானது பொதுத்தளம்: மெத்தை, தலையணை, போர்வை தருவார்கள், வரிசையாகப் படுக்க வேண்டும். கூடுதல் காசு கொடுத்துத் தனிப் படுக்கை எடுப்பதே புத்திசாலித்தனம். முதல் இரண்டு மணி நேரம் டோக்கியோ விரிகுடாவுக்குள் அலுங்காமல் போகும். அதை நம்பி வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது. வெளிக்கடலில் குரோஷியோ நீரோட்டத்தைக் குறுக்கே கடக்கும்போது ஆட்டம் தெரியும். குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டால்தான் பலன். நடுக்கடலில் கைபேசிக்கு சிக்னல் இல்லை. வேண்டியதை முன்பே தரவிறக்கிக்கொள்ளலாம்.

ஏறுமுன் செருப்பின் அடியைத் தேய்த்துத் துடைக்க வேண்டும். சம்பிரதாயம் என்று அலட்சியம் வேண்டாம். எந்தக் கண்டத்தோடும் ஒருபோதும் ஒட்டியிராத இந்தத் தீவுகளின் நிலநத்தைகளில் 90 சதவீதத்துக்கு மேல் வேறெங்கும் இல்லாதவை. 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர இவையும் காரணம். வெளியிலிருந்து வந்த ஒரு தட்டைப்புழு சிச்சிஜிமா நத்தைகளை ஏறக்குறையத் தின்று தீர்த்துவிட்டது. செருப்பில் ஒட்டிய ஒரு பிடி மண் போதும், அது ஹஹாஜிமாவுக்கும் போய்ச் சேர. சிச்சிஜிமாவை ஒட்டிய குட்டித்தீவு மினாமிஜிமாவுக்கு வழிகாட்டியோடுதான் போகலாம்: நாளுக்கு 100 பேர், இரண்டு மணி நேரம். மணலில் கிடக்கும் பழைய நத்தை ஓடுகளை எடுக்கக் கூடாது.

ஹஹாஜிமாவுக்கு இன்னொரு கப்பலில் இரண்டு மணி நேரம். மூன்று இரவுக்குள் இரண்டு தீவையும் திணித்தால் இரண்டுமே அரைகுறைதான்.

சாப்பாட்டில் விடக்கூடாதது ஷிமாஸுஷி, அதாவது தீவுச் சுஷி. மீன் துண்டைச் சோயாவில் ஊறவைத்து, வசாபிக்குப் பதில் கடுகு விழுது வைப்பார்கள். கப்பல் வருவதற்கு முந்தைய நாள் கடையில் காய்கறி எதிர்பார்க்க வேண்டாம்.

ஊரைச் சுற்றும்போது மேற்கத்திய முகச்சாயல் தெரிந்தால் வியக்க வேண்டாம். 1830-இல் முதலில் குடியேறியவர்கள் நத்தானியேல் சேவரி முதலான சில மேற்கத்தியரும் ஹவாய்த் தீவினரும். 1876-இல்தான் ஜப்பான் ஆட்சி உறுதியானது. 1944-இல் ஏறக்குறைய 7,000 பேரை வெளியேற்றினார்கள். போருக்குப் பின் தீவுகளை ஆண்ட அமெரிக்கா அந்த முதல் குடியேறிகளின் வழிவந்தவர்களை மட்டுமே திரும்ப விட்டது. மற்றவர்கள் 1968-இல் தீவுகள் ஜப்பானிடம் திரும்பும் வரை காத்திருந்தார்கள்.

திரும்பும் நாளில் அறைக்குள் போய்ப் படுத்துவிடாமல் மேல்தளத்தில் நில்லுங்கள். சிறு படகுகள் கப்பலைத் துரத்தி வரும், அவற்றிலிருந்து ஆட்கள் கடலில் குதிப்பார்கள். ‘சயோனாரா’ அல்ல, ‘இத்தெராஷ்ஷாய்’ என்று கத்துவார்கள். நம் ஊரில் ‘போயிட்டு வாங்க’.