ஹொப்பை நாம் வாங்கிக் கொடுப்பதா, பட்டறைக்காரரிடமே விட்டுவிடுவதா?

தேயிலை உருட்டும் ரோலரில் கியர் பல் போய்விட்டால் கொழுந்து காத்திருக்காது. மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கியர் வெட்டும் மெஷின் இருப்பது அபூர்வம். வேலை கண்டிக்கோ கொழும்புக்கோதான் போகிறது. கியர் பற்களை வெட்டும் திருகு வடிவக் கட்டரான ஹொப் யாருடையது என்பதை ஓடர் கொடுக்கும் முன்பே தீர்மானித்துவிட வேண்டும்.

பட்டறையின் ஹொப் என்றால் நம் பணம் முடங்காது. சாணை பிடிப்பது அவர்கள் பாடு, பல் பிழைத்தால் பொறுப்பும் அவர்களுடையது. 4, 5 மொடியூல் (மி.மீ. கணக்கில் பல்லின் அளவு), 20 பாகை அழுத்தக் கோணம் (பல்லின் பக்கச் சரிவு) மாதிரியான வழக்கமான அளவுகளுக்கு இதுவே போதும்.

சிக்கல் பழைய பிரித்தானிய மெஷின்களில்தான். அவற்றில் கியர்கள் பெரும்பாலும் டிபி அளவு, அதாவது விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்ற கணக்கு; அழுத்தக் கோணம் 14½ பாகையாகவும் இருக்கும். 5 டிபி என்பது 5.08 மொடியூல். "கிட்டத்தட்ட ஒன்றுதானே" என்று 5 மொடியூல் ஹொப்பில் வெட்டினால், 60 பல் சக்கரத்தின் பிட்ச் விட்டம் (பற்கள் கடிக்கும் வட்டத்தின் விட்டம்) 304.8 மி.மீ.க்குப் பதிலாக 300 ஆகிவிடும். மெஷினில் இரு சக்கரங்களின் மைய தூரம் மாறாது. பற்களில் நீல மை பூசி உருட்டிப் பாருங்கள்: பல்லின் முகம் முழுக்கப் பதிய வேண்டிய தடம் நுனியோரம் மெல்லிய கோடாக மட்டும் தெரியும். பாரம் முழுவதும் அந்தக் கோட்டில்தான். நல்ல இரும்பு போட்டாலும் நிற்காது.

ஹொப் இல்லாத பட்டறைகள் மில்லிங் மெஷினில், பல் இடுக்கின் வடிவிலேயே செய்த ஃபோர்ம் கட்டரால் வெட்டித் தருவதாகச் சொல்லும். ஓர் அளவுக்கு 8 கட்டர் கொண்ட செட் அது. 26 முதல் 34 பல் வரை ஒரே கட்டர். வடிவம் சரியாகப் பொருந்துவது 26க்குத்தான். மெதுவாகச் சுற்றும் திறந்த கியருக்கு ஒப்பேற்றலாம், கியர்பொக்ஸுக்குள் வேண்டாம். ஹொப் அப்படியில்லை. அதே அளவில் எத்தனை பல் வேண்டுமானாலும் ஒரே ஹொப் வெட்டும்.

ஆகவே, டிபி கியருக்குச் சொந்த ஹொப் வாங்குங்கள் என்பேன். வோர்ம் வீலுக்கு (திருகு போன்ற வோர்ம் சுழற்றும் பல்சக்கரத்துக்கு) இன்னும் அழுத்திச் சொல்வேன். அதன் ஹொப் நம்முடைய வோர்மின் விட்டத்துக்கும் புரி எண்ணிக்கைக்கும் பொருந்த வேண்டும். எந்தப் பட்டறையும் அதை வாங்கி வைத்திருக்காது. ஹொப் நம் கையில் இருந்தால் ஒரு பட்டறை இழுத்தடித்தாலும் அடுத்த பட்டறைக்குப் போகலாம்.

ஆனால் வாங்கிக் கொடுத்தால் நம் பொறுப்பும் கூடும். பட்டறை மெஷினில் ஹொப்பைக் கோக்கும் தண்டான ஆர்பர் 27 மி.மீ.யா, 32ஆ என்று கேட்காமல் ஹொப்புக்கு ஓடர் போடாதீர்கள். பல் பிழைத்தால் "கட்டர் உங்களுடையது" என்பார்கள்; அதனால் முதல் சக்கரத்தை அளந்து ஒப்புக்கொண்ட பிறகே மற்றவற்றை வெட்டச் சொல்லுங்கள். எவ்வளவு தேய்ந்தால் சாணை, யார் செலவு, உடைந்தால் யார் கணக்கு என்பதெல்லாம் ஓடரிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். சாணையை வெட்டுமுகத்தில் மட்டும், பழைய கோணம் மாறாமல் பிடிக்க வேண்டும். கோணம் தவறினால் பல்லின் வடிவமே கெட்டுவிடும்.

ஹொப்பைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு வரும் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு யாருடைய வேலைக்கோ அது தேயும், நமக்குத் தெரியவும் வராது. ஹொப்பின் கொலரில் (பல்லில்லாத ஓரப் பட்டையில்) தோட்டத்தின் பெயரைப் பொறித்து, வேலை முடிந்ததும் எண்ணெய்த் தாளில் சுற்றி, அதற்கென்று செய்த மரப்பெட்டியில் திருப்பி எடுங்கள். ஹைஸ்பீட் ஸ்டீல் பல் இன்னோர் இரும்பில் தட்டினாலே சில்லுப் பெயரும்.

விலைதான் தடை என்றால் அதற்கும் வழியுண்டு. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனதிலிருந்து ஒரே நிர்வாகத்தின் கீழ்ப் பல தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஒரே மாதிரி ரோலர் ஓடும் தொழிற்சாலைகள் சேர்ந்து ஒரு ஹொப் வாங்கி, ஒரு ஸ்டோர்கீப்பரிடம் கணக்கோடு வைத்துக்கொள்ளலாம்.