செப்புத்தகட்டு அச்சா, சர்வே ஷீட்டா, நகலா? மதுரையில் பழைய வரைபடம் சேர்க்க நினைப்பவருக்கு ஓர் அலசல்

பழைய வரைபடம் சேர்க்கத் தொடங்குகிற மதுரைக்காரருக்கு முதலில் கண் போவது ஐரோப்பியச் செப்புத்தகட்டு அச்சுகள் மேல்தான். மூலையில் யானை, பனைமரம், சுருள் சுருளாகத் தலைப்பு அலங்காரம், கடலில் கப்பல், நடுவில் எங்கோ பொடி எழுத்தில் நம் ஊர்ப் பெயர். பார்த்ததும் பிடித்துப்போகும். அதில் ஒரு தாள் வாங்குகிற காசுக்குச் சர்வே துறையின் பழைய ஷீட்டுகள் ஒரு கட்டே வாங்கலாம் என்று சொன்னால் காதில் வாங்கமாட்டார்கள். "அது தாலுகா ஆபீஸ் காகிதமாச்சே" என்பார்கள். என் கட்சி அந்தத் தாலுகா ஆபீஸ் காகிதம்தான். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் எதிர்க்கட்சிக்கும் நியாயம் செய்துவிடுகிறேன்.

மிகப் பழையதிலிருந்து தொடங்கலாம். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த புவியியல் அறிஞர் தாலமி, மதுரையைப் பாண்டியரின் தலைநகர் என்றே குறித்திருக்கிறார். அவர் நூலை வைத்து ஐரோப்பாவில் பிற்பாடு பலர் வரைபடம் அச்சிட்டார்கள்: 1482-இல் உல்ம் நகரில், 1513-இல் ஸ்ட்ராஸ்பூர்கில், 1540-இல் பாசலில் செபாஸ்டியன் மூன்ஸ்டர். எல்லாமே மரக்கட்டை அச்சு. இவற்றில் இந்தியாவுக்குத் தீபகற்பமே கிடையாது. தெற்கே கரை தட்டையாக ஓடும், பக்கத்தில் இந்தியாவையே முழுங்கிவிடுவதுபோல இலங்கை கிடக்கும். மதுரை என்ற பெயரைத் தாங்கிய மிகப் பழைய அச்சு வேண்டும் என்பவருக்கு இது சரி. விலையைக் கேட்டால் நமக்குச் சரிப்படாது. நகலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

18-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர்களிடம் வந்தால்தான் விஷயம் சூடு பிடிக்கிறது. மதுரை மிஷனில் ஊழியம் செய்த இயேசு சபைப் பாதிரியார் பூஷே, மதுரை ராஜ்ஜியத்தையும் அக்கம்பக்கத்தையும் வரைபடமாக்கிப் பாரிசுக்கு அனுப்பினார். மிஷனரிகளின் கடிதத் தொகுதி ஒன்றில் அது 1720-களின் தொடக்கத்தில் அச்சானது. அதே சமயம், 1723-இல், அரச வரைபடக்காரரான கியோம் டெலீல் மலபார், சோழமண்டலக் கரைகளின் வரைபடத்தை வெளியிட்டார். அதற்குப் பின் தான்வீல். பாரிசை விட்டு அதிகம் நகராத மனிதர், வாழ்நாள் முழுக்க வரைபடம் சேர்த்து அதைப் படித்தே உலகத்தை வரைந்தவர். தெரியாத இடத்தை மலையும் மிருகமும் போட்டு நிரப்பாமல் வெறுமையாக விடுவார் என்பதுதான் அவருடைய பெரிய பெயர். பிரெஞ்சுக் கம்பெனிக்காக 1752-இல் அவர் போட்ட இந்திய வரைபடம், ரென்னல் வரும்வரை எல்லோருக்கும் பிரமாணம்.

ஜேம்ஸ் ரென்னல் வங்காளத்தின் சர்வேயர் ஜெனரலாக இருந்தவர். 1777-இல் பதவியை விட்டு ஊர் திரும்பி, 1782-இல் தன் இந்துஸ்தான் வரைபடத்தை வெளியிட்டார். அதன் தலைப்பு அலங்காரத்தைப் பார்த்திருப்பீர்கள்: பிரித்தானியாவைப் பெண்ணுருவில் நிற்கவைத்து, பிராமணர்கள் சாத்திரச் சுவடிகளை அவள் கையில் ஒப்படைக்கிற காட்சி. சேகரிப்பவர்கள் பாதிப் பேர் இந்தப் படத்துக்காகவே வாங்குகிறார்கள். தெற்குப் பகுதிக்கு அவர் பெரிதும் நம்பியது படைகள் நடந்த வழிகளைக் குறித்த எஞ்சினியர்களின் கணக்கை. அதனால் படை போன பாதையில் ஊர்கள் நெருக்கமாகவும் போகாத பக்கம் சும்மாவும் கிடக்கும். எனக்கு இதில் பிடித்ததே அந்த வெற்றிடம்தான். ஆனால் கட்டைவிரலை வைத்தால் மதுரைச் சீமை முழுவதும் மறைந்துவிடும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கி, நம் ஊரைத் தேடப் பூதக்கண்ணாடி எடுக்க வேண்டியிருக்கிறது.

இந்த வகையில் சின்ன பட்ஜெட்டுக்கு ஒத்துவருபவர் ஜாக் நிக்கோலா பெலேன். பிரெஞ்சுக் கடற்படையின் நீர்வழி வரைபடக்காரர். பயண நூல் தொகுதிகளுக்காக அவர் போட்ட சிறிய தாள்கள் ஏராளமாக அச்சானதால் இன்றும் ஓரளவு மலிவாகக் கிடைக்கின்றன. கரையோரம் துல்லியமாக இருக்கும், உள்நாட்டில் சுமார்தான். ஒரு எச்சரிக்கை: பெலேன் என்று விற்பதெல்லாம் பாரிஸ் பதிப்பு அல்ல. ஹாலந்தில் வான் டெர் ஸ்லேய் அதே படங்களை மறுபடி செதுக்கி வெளியிட்டார். டெலீல் வரைபடங்களையும் ஆம்ஸ்டர்டாமின் கோவன்ஸ் – மோர்ட்டியே நிறுவனம் திரும்ப அச்சிட்டு விற்றது. இரண்டும் பழையவைதான், போலி இல்லை. ஆனால் விலை ஒன்றாக இருக்கக்கூடாது. பேரம் பேசுவதற்கு முன்னால் கீழ் விளிம்பில் இருக்கும் பதிப்பாளர் வரியைப் படியுங்கள்.

இனி என் கட்சி.

1802-இல் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் அடிக்கோடு அளந்து தொடங்கியதுதான், முக்கோணம் முக்கோணமாக இந்தியாவை அளந்த பெரிய முக்கோண அளவீடு. தெற்கே சமவெளியில் உயரம் வேண்டும் என்றால் அவருக்கு இருந்த வழி கோபுரங்கள்தான். கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டை 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. அதை அவரே உட்கார்ந்து சரிசெய்து அளவீட்டைத் தொடர்ந்தார். நம் பக்கத்து மலைகளுக்கு வந்தவர் வார்டு என்ற சர்வே அதிகாரி. 1821-இல் வெள்ளகவி வழியாகப் பழனி மலைமேல் ஏறி அளந்தார். கொடைக்கானல் என்று ஒரு ஊர் உருவாவதற்கு இருபது வருஷத்துக்கு மேல் முந்தைய சங்கதி இது.

இவர்கள் அளந்ததெல்லாம் இரண்டு வழியில் அச்சாயின. லண்டனில் ஜான் வாக்கர் செதுக்கிய இந்திய அட்லஸ் ஷீட்டுகள், 4 மைலுக்கு 1 அங்குலம் என்ற அளவில். மலைகள் அதில் சிறுசிறு கோடுகளால் நிழலாக எழும்பி நிற்கும். இன்னொன்று சென்னையிலேயே ஃபாரோ கம்பெனி 1854-இல் போட்ட தென்னிந்திய அட்லஸ். வண்ணம் தீட்டிய மாவட்டப் படங்கள் அதில் உண்டு. முழு அட்லஸ் சந்தைக்கு வருவது அபூர்வம், பிரித்தெடுத்த தாள்கள்தான் வரும். முழுசாக இருக்கிற அட்லஸைத் தாள் தாளாகக் கிழித்து விற்பவர்களிடம் நான் வாங்குவதில்லை. ஏற்கெனவே கட்டுவிட்டுச் சிதறியது என்றால் வேறு விஷயம்.

ஆனால் சேகரிக்க உண்மையான சுகம் அதற்கடுத்த தலைமுறையில் இருக்கிறது: மேடு பள்ளம், ஊர், தண்ணீர், பாதை எல்லாம் காட்டும், 1 மைலுக்கு 1 அங்குலம் என்ற டோப்போ ஷீட். 1950-களுக்குப் பிறகு மெட்ரிக் கணக்கில் 1:50,000 ஆனது இதுதான். மதுரை நகரம் இருப்பது 58 கே/1 என்ற ஷீட்டில். ஒரு ஷீட் கிட்டத்தட்ட 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர். ஊருக்கு வடக்கே பத்து கிலோமீட்டருக்குள் 10 டிகிரி அட்சரேகை ஓடுவதால், அங்கே ஷீட் முடிந்துவிடும். அழகர்கோவில் போய் உட்காருவது 58 ஜே/4-இல். சித்திரைத் திருவிழாவுக்குக் கள்ளழகர் மலையிலிருந்து வைகைக்கு வருகிற வழியை முழுசாகப் பார்க்க வேண்டும் என்றால் இரண்டு ஷீட்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தரையில் விரிக்க வேண்டும். விரித்துப் பார்த்தால் தெரியும்: நீலத்தில் கண்மாய்கள், ஒன்றின் மறுகால் இன்னொன்றுக்குள், வண்டியூர், மாடக்குளம் என்று ஊரைச் சுற்றித் தண்ணீர். இன்று வீடும் ரோடுமாகக் கிடக்கும் எத்தனை இடம் நீலமாக இருந்தது என்று எண்ணத் தொடங்கினால் அன்றைக்கு வேறு வேலை ஓடாது. ரென்னல் தாளில் இது கிடைக்குமா?

ஷீட்டின் வயதைக் கணிப்பதும் நம்மூர்க்காரருக்குக் கைவந்த கலை. விளிம்பில் அளந்த வருஷம், அச்சிட்ட வருஷம் இரண்டும் இருக்கும். விளிம்பைக் கத்தரித்துவிட்டார்கள் என்றால் படத்தையே கேட்க வேண்டியதுதான். பெரியாற்றுத் தண்ணீர்க் கால்வாய் இருந்தால் 1895-க்குப் பின்னால். ராமநாதபுரம் தனி மாவட்டமாக இருந்தால் 1910-க்குப் பின்னால். பாம்பனைத் தாண்டி ரயில் போனால் 1914-க்குப் பின்னால். போடி பாதை இருந்தால் 1928-க்குப் பின்னால். ஆண்டிபட்டிப் பக்கம் வைகை அணை இல்லையென்றால் அளந்தது 1959-க்கு முன்னால். தனுஷ்கோடிவரை தண்டவாளம் ஓடினால் 1964 புயலுக்கு முந்திய அளவீடு. நகரப் படம் என்றால் இன்னும் எளிது. கோட்டைச் சுவரும் அகழியும் இருந்தால் அது கலெக்டர் பிளாக்பர்ன் காலத்துக்கு முந்தியது. 1837-ஐ ஒட்டித் தொடங்கி அவர் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில்தான் வெளி வீதிகள், மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் வந்தன. விளக்குத்தூணே பிளாக்பர்ன் நினைவாக நிற்பதுதான்.

இன்னும் உள்ளே போனால் கிராம வரைபடம். 1 மைலுக்கு 16 அங்குலம், அதாவது படத்தில் ஓர் அங்குலம் தரையில் 330 அடி, ஐந்து சங்கிலி. 66 அடிச் சங்கிலி, 100 கண்ணி, பத்து சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். சர்வே நம்பர், மூன்று ஊர் எல்லை கூடும் கல், மடை, கலுங்கு, கோயில் திடல் எல்லாம் இதில் வரும். துணி ஒட்டி மடித்தவை பழைய கர்ணம் (கிராமக் கணக்குப்பிள்ளை) வீட்டுப் பெட்டிகளில் இருந்து வெளியே வருகின்றன. 1980-இல் கர்ணம் பதவியே ஒழிந்தபோது வீட்டிலேயே தங்கிவிட்டவை. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். அரசு முத்திரையோடு இருக்கும் பதிவேடு அரசின் சொத்து. அதைக் காசு கொடுத்து வாங்கி வைப்பதைவிட, பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தை உரிய அலுவலகத்தில் சேர்க்கச் சொல்வது நல்லது. டோப்போ ஷீட்டுகளிலும் கடற்கரைப் பக்கம் சிலவற்றில் கட்டுப்பாட்டு முத்திரை இருக்கும். அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பும் யோசனையே வேண்டாம். 100 வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருள் எதையும் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் விடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கிடைக்கும் இடம் என்று பார்த்தால் ஐரோப்பிய அச்சுக்குப் பெரும்பாலும் வெளிநாட்டு வியாபாரிதான் கதி. தபால் செலவு, சுங்கம் இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு விலையை மலிவு என்று சொல்லுங்கள். சர்வே காகிதத்துக்குத் திலகர் திடல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கண் வைத்திருக்கலாம். பழைய கெசட்டியர் என்ற மாவட்ட விவர நூலின் பின்னட்டைப் பையில் இருந்து பிரிந்த வரைபடம் எப்போதாவது தட்டுப்படும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பித்தளைக்கும் பீங்கானுக்கும் இருக்கிற மரியாதை காகிதத்துக்கு இல்லை. வாங்குபவருக்கு அது நல்லதுதான்.

அசலா என்று பார்ப்பது எப்படி? செப்புத்தகட்டு அச்சென்றால் படத்தைச் சுற்றித் தகடு அழுத்திய பள்ளம் விரலுக்குத் தட்டுப்படும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் 18-ஆம் நூற்றாண்டுக் காகிதங்கள் பலவற்றில் கம்பிச் சல்லடையின் கோடுகள் தெரியும். பழைய பச்சை நிறத்தில் தாமிரம் கலந்திருப்பதால் காகிதத்தை அரித்துப் பின்பக்கம் பழுப்பாக இறங்கியிருக்கும். பின்பக்கம் பளிச்சென்று இருந்தால் வண்ணம் நேற்றுத் தீட்டியது. லென்ஸில் பார்த்து வண்ணப் புள்ளிகள் பூப்பூவாகத் தெரிந்தால் ஆப்செட் அச்சு, பேச்சே வேண்டாம். தட்டையான கல்லிலிருந்து எடுத்த கல்லச்சு சர்வே ஷீட்டில் பள்ளம் இருக்காது, அதை வைத்துச் சந்தேகப்படக் கூடாது. சொல்லப்போனால், சர்வே ஷீட்டைப் போலியாகச் செய்து சம்பாதிக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

மூன்றாவது வழி நகல். இதை மட்டமாகப் பேசுபவர்களோடு எனக்கு ஒத்துவராது. இணையத்தில் டேவிட் ரம்சி வரைபடச் சேகரிப்பும் பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் கல்லிகா தளமும் பெரிய அளவுப் படங்களை இலவசமாகவே தருகின்றன. கணினியில் பெருக்கிப் பார்த்தால் அசலில் கண்ணுக்குத் தப்பும் ஊர்ப்பெயர்கூடப் படிக்கக் கிடைக்கும். மருதநாயகம் என்ற யூசுப்கான் 1764-இல் மாட்டிக்கொண்ட மதுரைக் கோட்டையின் கையெழுத்துத் திட்டப்படங்கள் போன்றவற்றைக் காசு இருந்தாலும் வாங்க முடியாது, அங்கே நகல் ஒன்றுதான் வழி. நல்ல காகிதத்தில் அச்சிடச் சொல்லுங்கள். மதுரைக்காரர் பழக்கத்தில் ஃபிளெக்ஸில் அடித்துவிடாதீர்கள்.

பாதுகாப்பில் மூன்றுக்கும் வித்தியாசம் பெரிது. நம் வெயிலில் சுவரில் மாட்டிய அசல் சில வருஷத்திலேயே வெளுக்கும். மழைக்காலத்தில் ராமபாணப் பூச்சி வரும். அசலை உருட்டாமல் தட்டையாக, அமிலமில்லாத தாள் இடையிட்டு, இழுப்பறையில் வையுங்கள். செல்லோடேப் ஒட்ட வேண்டாம். லாமினேஷன் கூடவே கூடாது, ஒரு தடவை போட்டால் காகிதத்தைத் திரும்ப மீட்க முடியாது.

அதனால் கையில் இருக்கும் காசை நான் பிரிக்கச் சொன்னால் இப்படிப் பிரிப்பேன். முதலில் 58 கே/1, 58 ஜே/4 இரண்டின் பழைய பதிப்புகள். அப்புறம் உங்கள் பூர்விக ஊர் எந்த ஷீட்டில் வருகிறதோ அது. கை கொஞ்சம் தாராளமானால் ஃபாரோ அட்லஸின் மதுரைப் பகுதித் தாள். பிரெஞ்சுக்காரர்களில் ஒருவர் வேண்டும் என்று மனசு கேட்டால் பெலேன் சிறிய தாள் ஒன்று. பூஷே பாதிரியாரின் வரைபடம் நியாயமான விலையில் வந்தால் மட்டும் இந்த வரிசையை எல்லாம் தள்ளிவிட்டு அதை வாங்குங்கள். இங்கே சொன்ன ஐரோப்பிய அச்சுகளில் நம்ம சீமையையே நடுவில் வைத்துப் போட்டது அதுதான். ரென்னலும் தான்வீலும் நகலாகச் சுவரில் இருக்கட்டும். சட்டம் போடும்போது பின்னால் பிளைவுட் அட்டை வேண்டாம் என்று கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நகல்தானே என்று விட்டால் அதுவும் பழுத்துப்போகும்.