அண்ணத் திசுவா, கொலாஜன் விரிப்பா?

இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பொருத்தும் உலோக வேரான பல் இம்பிளான்ட்டைச் சுற்றியுள்ள ஈறு 2 மி.மீ.க்கும் குறைவான தடிமனில் இருந்தால், உலோகத்தின் சாம்பல் நிழல் வெளியே தெரியலாம். ஈறு விலகும் வாய்ப்பும் கூடும். அந்த ஈறைத் தடிமனாக்க இரண்டில் ஒன்றை அதனடியில் வைப்பார்கள்: நோயாளியின் அண்ணத்திலிருந்து (வாயின் மேற்கூரை) எடுக்கும் திசு, அல்லது கொலாஜன் என்ற புரதத்தாலான விரிப்பு.

தடிமன்: மேலண்ணத்திலிருந்து எடுக்கும் சொந்த இணைப்புத் திசு பொதுவாக அதிகம் தருகிறது, பெரும்பாலும் பன்றியிலிருந்து தயாரிக்கப்படும் கொலாஜன் விரிப்பு சற்றுக் குறைவாகவே தருகிறது.

வலி: முன்னதில் அண்ணத்தில் இரண்டாவது புண் உண்டாகி, அது ஆறும்வரை உண்பதே சிரமமாகலாம் என்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பின்னதில் அந்தப் புண்ணே இல்லை, அறுவை நேரமும் குறையும்.

செலவு: விரிப்புக்குத் தனி விலை உண்டு, சொந்தத் திசுவுக்கு இல்லை.

சிரிக்கையில் தெரியும் முன்பல் பகுதிக்கு, வலியைப் பொறுத்துக்கொண்டாவது, சொந்தத் திசுவையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் கருத்து. அண்ணத்தில் போதிய திசு இல்லாதவர்களுக்கும் இரண்டாவது புண்ணுக்கு அஞ்சுபவர்களுக்கும், சிறிதளவு தடிமனே போதுமென்றால், விரிப்பு பொருந்தும். விலங்குப் பொருளை ஏற்க மனமில்லாதவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவித்துவிட வேண்டும்.