திறந்துவிடுவதா, பிடித்துவைப்பதா: எரியக்கூடிய குளிர்வாயு உள்ள ஃபிரிட்ஜ், ஏசிகளைப் பழுதுபார்ப்பதும் கழிப்பதும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து கடலூர் முதுநகர் வரையிலான கடலோரத்தில் ஏசியின் வெளிப்பெட்டி நீண்ட காலம் தாங்குவதில்லை. உப்புக்காற்று அலுமினியத் தகடுகளைப் பொடியாக உதிர்த்து, செப்புக் குழாயின் வளைவுகளில் ஊசித்துளை போட்டுவிடுகிறது. அதனால் இந்தப் பகுதி மெக்கானிக்குகள் கேஸ் சுற்றை அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறது. சுற்றுக்குள் ஆர்-22 என்ற பழைய குளிர்வாயு இருந்த காலத்தில் அது ஓசோன் படலத்துக்குக் கேடாக இருந்ததே தவிர, திறந்தவரின் முகத்துக்கு நேரே தீப்பிடிக்கும் அபாயம் குறைவு. இன்று வீடுகளில் இருப்பவற்றில் பல எரியக்கூடியவை: ஃபிரிட்ஜில் ஆர்-600ஏ எனப்படும் ஐசோபியூட்டேன், சில ஏசிகளில் ஆர்-290 எனப்படும் புரொப்பேன், புதிய ஏசிகளில் பெரும்பாலானவற்றில் ஆர்-32. மூன்றையும் ‘எரியும் கேஸ்’ என்று ஒரே பெயரில் அழைத்து, மூன்றுக்கும் ஒரே வேலைமுறையைப் பின்பற்றுவதுதான் இப்போதைய சிக்கல். எந்த வாயு நல்லது என்பதைவிட, எந்த வாயுவுக்கு எந்த வேலைமுறை பொருந்தும் என்ற ஒப்பீடே தொழிலாளிக்கும் வீட்டுக்காரருக்கும் பயன்படும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 38 கிராம் புரொப்பேன் கலந்தால் அது பற்றக்கூடிய கலவையாகிறது. ஐசோபியூட்டேனுக்கு அந்த அளவு 40 கிராமை ஒட்டியது. ஆர்-32க்கோ 300 கிராமைத் தாண்ட வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட ஒரு படுக்கையறையின் கொள்ளளவு சுமார் 32 கன மீட்டர். ஒன்றரை டன் ஏசியிலிருந்து 350 கிராம் புரொப்பேன் முழுவதும் கசிந்து அறை முழுக்கச் சமமாகக் கலந்தால், கன மீட்டருக்கு 11 கிராம்தான் வரும், பற்றாது. ஆனால் புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது என்பதால், மின்விசிறி ஓடாத மூடிய அறையில் அது தரையோடு படியும். தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் அது தேங்கினால் கன மீட்டருக்கு 100 கிராமைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் தரையோரப் பிளக்பாயின்டில் யாராவது ஒரு சுவிட்சைத் தட்டினால் போதும். அதே அறையில் 800 கிராம் ஆர்-32 அப்படியே ஓரடிக்குள் தேங்கினாலும் கன மீட்டருக்கு 235 கிராம் அளவில் நின்றுவிடும். எரியும் எல்லையைத் தொடாது. தொட்டாலும் அதன் தீ மெதுவாகவே பரவும், பற்றவைக்கவும் சாதாரண சுவிட்சுப் பொறியைவிடப் பலமான ஒன்று தேவைப்படும். இது ஆர்-32க்கு உள்ள பெரிய சாதகம்.

ஃபிரிட்ஜின் கணக்கு வேறு மாதிரியானது. அதில் இருப்பது பெரும்பாலும் 30 முதல் 70 கிராம். வீட்டு ஃபிரிட்ஜுக்குப் பன்னாட்டுத் தரம் வகுத்த உச்ச அளவே 150 கிராம்தான். சமையலறை முழுக்கப் பரவினால் இந்த அளவு ஒன்றுமே இல்லை. ஆனால் கசிவு 190 லிட்டர் பெட்டிக்குள்ளேயே நிகழ்ந்து, கதவும் மூடியிருந்தால், 10 கிராமே அந்தச் சிறு இடத்தைப் பற்றக்கூடிய கலவையாக்கப் போதும். உறைபனியைக் கத்தியால் குத்திப் பெயர்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் போகவில்லை. ஃப்ரீசர் தகட்டில் விழும் அந்தத் துளைதான் கேஸைப் பெட்டிக்குள்ளேயே விடுகிறது.

‘அடுப்படியில் 14.2 கிலோ சிலிண்டரை வைத்துக்கொண்டு வாழ்கிறோம், 50 கிராமுக்கா இத்தனை பயம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சமையல் எரிவாயுவில் மூக்கைத் துளைக்கும் வாடை வேண்டுமென்றே சேர்க்கப்படுகிறது. குளிர்வாயுவாக வரும் ஐசோபியூட்டேனிலும் புரொப்பேனிலும் அந்த வாடை இல்லை. கசிந்ததை மூக்கு சொல்லாது, சோப்பு நுரையும் ஹைட்ரோகார்பனுக்கான கசிவுக் கருவியும்தான் சொல்லும். ஆர்-22 காலத்துச் சுடர்விளக்கை வைத்துக் கசிவு தேடுவதைப் பற்றி எழுதவே தேவையில்லை என்று நினைக்கிறேன். இருந்தாலும் எழுதிவைக்கிறேன், அது கூடாது.

இனி முக்கியமான போட்டி: வாயுவைக் குழாய் வழியே வெளியில் திறந்துவிடுவதா, மீட்பு இயந்திரம் கொண்டு சிலிண்டரில் பிடிப்பதா? பிடிப்பதே எப்போதும் மேல் என்றுதான் கேட்டவுடன் தோன்றும். ஃபிரிட்ஜைப் பொறுத்தவரை என் முடிவு அதற்கு நேர்மாறானது. 50 கிராம் ஐசோபியூட்டேன் காற்றில் கலந்தால் புவி வெப்பமாதலுக்கு அது செய்யும் கேடு 150 கிராம் கரியமில வாயுவுக்குச் சமம். மெக்கானிக் வந்துபோகும் மோட்டார் சைக்கிள் அதைவிட அதிகம் புகைக்கும். அந்த 50 கிராமைப் பிடிப்பதற்காக, எரியும் வாயுவுக்கென்று வடிவமைக்கப்படாத சாதாரண மீட்பு இயந்திரத்தை இணைத்தால், அதன் சுவிட்சும் ரிலேயுமே பொறி கக்கக்கூடும். ஆகவே ஃபிரிட்ஜுக்குத் திறந்தவெளியில் விடுவதே சரி. ஆனால் அதைச் செய்ய ஒரு முறை இருக்கிறது.

வாயு ஏற்றும் சார்ஜிங் குழாயில் துளையிடும் இடுக்கி வால்வைப் பொருத்தி, நீண்ட குழாயை வீட்டுக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். அதன் முனை எங்கே முடிகிறது என்பதில்தான் இந்த ஊர்களில் கவனம் தேவை. அடுத்தடுத்து ஒட்டிக் கட்டிய வீடுகளில் பின்பக்கச் சந்து என்பது பக்கத்து வீட்டு அடுப்படியின் சன்னலாக இருக்கும். முற்றத்தில் தரைத்தொட்டியின் மூடி பாதி திறந்திருக்கும். கழிவுநீர்க் கால்வாய் வாசற்படியை ஒட்டியே ஓடும். கனமான வாயு இவற்றில் இறங்கித் தங்கிவிடும். மொட்டைமாடியே மேல், அங்கும் படிக்கட்டு வாயிலிலிருந்து விலகி, கடற்காற்று எடுத்துச்செல்லும் பக்கமாக முனையை வைக்க வேண்டும். சுற்றிலும் குறைந்தது 3 மீட்டருக்குத் தீ, பீடி, ஓடும் மோட்டார், செருகியெடுக்கும் பிளக் எதுவும் இருக்கக் கூடாது. ஃபிரிட்ஜின் பக்கத்திலேயே சாமி அலமாரி வைத்திருக்கும் வீடுகளில் முதலில் விளக்கைக் குளிரவைத்துவிட்டுத்தான் பெட்டியைத் தொட வேண்டும்.

சீறல் நின்றதும் வேலை முடிந்ததாக நினைப்பது பெரும் பிழை. ஐசோபியூட்டேன் கம்ப்ரஸர் எண்ணெயில் நன்றாகக் கரையும். எண்ணெய்க்குள் தங்கிய வாயு பின்னர் மெல்ல மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆகவே வேக்கம் பம்பை வைத்து உறிஞ்சி, அதன் வெளியேற்றத்தையும் அதே குழாய் வழியே வெளியே விட்டு, உலர் நைட்ரஜனால் சுற்றை அலசி, மறுபடியும் உறிஞ்ச வேண்டும். பம்பை அதன் சொந்தச் சுவிட்சில் இயக்காமல், தள்ளியிருக்கும் பிளக்பாயின்டில் போட்டு நிறுத்துவது நல்லது. நைட்ரஜன் தீர்ந்துவிட்டது, வெல்டிங் பட்டறையில் ஆக்சிஜன்தான் கிடைத்தது என்று அதை ஏற்றிப் பார்ப்பவர் எண்ணெயும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் சந்தித்தால் என்ன ஆகும் என்பதை அறியாதவர், அது வெடிக்கும்.

ஆர்-32 ஏசியில் தீர்ப்பு அப்படியே புரள்கிறது. அதன் வெப்பமாதல் திறன் கரியமில வாயுவைப்போல் 675 மடங்கு. 800 கிராமைத் திறந்துவிட்டால் 540 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். மேலும் அது சுடரில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்னும் கடும் நச்சு உண்டாகும். எனவே ஆர்-32ஐ மீட்பு இயந்திரம் கொண்டு பிடிப்பதைத் தவிர ஏற்கத்தக்க வழி இல்லை. அந்த இயந்திரமும் எரியும் வாயுவுக்கு ஏற்றதென்று தயாரிப்பாளர் குறித்ததாக இருக்க வேண்டும்.

ஆர்-290 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கோத்ரெஜ் நிறுவனம் 2012 முதல் இந்த வாயு கொண்ட ஸ்பிளிட் ஏசிகளை இந்தியாவில் விற்றது. அந்தப் பெட்டிகளின் வயது முடியும் காலம் இது. சூழலைப் பார்த்தால் திறந்துவிடலாம், அளவைப் பார்த்தால் தயக்கம் வருகிறது. காற்றோட்டமுள்ள மொட்டைமாடியில் வெளிப்பெட்டி இருந்தால் மெதுவாக வெளியே விடுவதை ஏற்கலாம். கீழ்த்தளத்தில், இரண்டு சுவர்களுக்கு இடையிலான காற்றுச் சந்தில் அது தொங்கினால் பிடித்துவைப்பதே வழி. பிடிக்கும்போது ஒரு எச்சரிக்கை: ஆர்-22க்கென்று எடை குறித்த சிலிண்டரில் அதே எடைக்குப் புரொப்பேனை ஏற்ற முடியாது. திரவப் புரொப்பேனின் அடர்த்தி ஆர்-22இன் பாதிக்கும் குறைவு. பாதுகாப்பு எல்லையான 80 விழுக்காட்டுக் கொள்ளளவு பாதி எடையை எட்டுமுன்பே நிரம்பிவிடும். தராசைப் பார்க்கப் பழகிய கண் இங்கே ஏமாறும்.

வீடு மாறும்போது செய்யும் ‘பம்ப் டவுன்’, அதாவது கம்ப்ரஸரை ஓட்டியே வாயுவை வெளிப்பெட்டிக்குள் அடைத்துவிடுவது, இடமாற்றத்துக்கு மட்டுமே உரியது. அதிலும் கேஜைப் பார்த்து, முள் சுழிக்குக் கீழே இறங்குமுன் நிறுத்திவிட வேண்டும். குழாய் கழன்றிருக்கும்போதோ கசிவு இருக்கும்போதோ ஓட்டினால் காற்று உள்ளே இழுக்கப்பட்டு, எண்ணெய் ஆவியோடு அழுத்தப்பட்டு, கம்ப்ரஸரே வெடிக்கக்கூடும். கழிக்கப்போகும் ஏசிக்கு இதைச் செய்வது, அடுத்துத் திறப்பவரிடம் நிரம்பிய பெட்டியை ஒன்றும் சொல்லாமல் கொடுப்பதாகும்.

குழாயை இணைப்பதில் சுடரால் வெல்டிங் செய்வதா, வளையத்தை இடுக்கியால் இறுக்கும் அழுத்த இணைப்பா என்பது அடுத்த போட்டி. நம் மெக்கானிக்குகளின் கை வெல்டிங்கில் பழகியது, செலவும் குறைவு, நன்றாகச் செய்த இணைப்பு உப்புக்காற்றிலும் நிற்கும். அழுத்த வளைய இணைப்புக்குத் தனி இடுக்கியும் ஒவ்வொரு அளவுக்கும் தனி வளையங்களும் வேண்டும். இருந்தும் வீட்டுக்குள் செய்யும் ஃபிரிட்ஜ் வேலைக்கு நான் அழுத்த இணைப்பையே தேர்ந்தெடுப்பேன். ஆர்-600ஏ சுற்றின் உறிஞ்சும் பக்கம் ஓட்டத்தின்போது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் இருக்கும். அந்தப் பக்கம் துளை விழுந்தால் வாயு வெளியேறுவதற்குப் பதில் காற்று உள்ளே போகிறது. காற்றும் வாயுவும் கலந்து உள்ளேயே காத்திருக்கும் குழாயில் சுடரைக் காட்டுவதைவிட மோசமான வேலை இல்லை. சுடர்தான் வேண்டுமென்றால் பட்டறைக்கு எடுத்துச் சென்று, நைட்ரஜன் ஓடவிட்டுச் செய்யலாம். பழைய இணைப்பைப் பிரிப்பதற்கு மட்டும் எங்கேயும் சுடர் கூடாது. குழாய் வெட்டும் கருவி சட்டைப்பைக்குள் அடங்கும்.

எரியாத வாயுவுக்கென்று செய்த பழைய ஆர்-22 ஏசியில் ஹைட்ரோகார்பன் கலவையை ஏற்றிக் கொடுப்பதும் ஒரு மாற்றாக முன்வைக்கப்படுகிறது. குளிர் நன்றாக வரும், மின்கட்டணமும் குறையலாம். ஆனால் அந்தப் பெட்டியின் ரிலே, மின்விசைப் பெட்டி எதுவும் பொறி வெளிவராதபடி அடைக்கப்பட்டதல்ல. எரியும் வாயுவுக்கான மஞ்சள் முக்கோண எச்சரிக்கையும் ஒட்டப்பட்டிருக்காது. இன்று ஏற்றுபவருக்குத் தெரியும், நாளை திறப்பவருக்குத் தெரியாது. ஒப்பிடவே தகுதியில்லாத தேர்வு.

கழிக்கும் கட்டத்துக்கு வருவோம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெருமழையில் பல தெருக்கள் மூழ்கின. அத்தகைய வெள்ளத்தில் நின்ற ஃபிரிட்ஜை ‘காயவைத்துப் போட்டுப் பார்ப்போம்’ என்று இயக்குவது, அரித்த கம்ப்ரஸர் முனையங்கள் பிய்த்துக்கொண்டு எண்ணெய் ஆவியோடு தீப்பற்ற இடம் கொடுக்கும். கழிப்பதே சரி.

எங்கே கழிப்பது? காயலான் கடை உடனே பணம் தரும், வாசலுக்கே வந்து தூக்கிக்கொண்டு போகும். அதன் வசதியை மறுக்க முடியாது. ஆனால் அங்கே கம்ப்ரஸர் சுத்தியலாலும் கேஸ் கட்டராலும் பிரிக்கப்படுகிறது, எண்ணெய் மண்ணில் ஊற்றப்படுகிறது. 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஃபிரிட்ஜும் ஏசியும் அவற்றுள் அடங்கும். பதிவுபெற்ற மறுசுழற்சியாளர் வழியே கழிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்மேல் இருக்கிறது. ஆகவே நிறுவனத்தின் சேவை எண்ணை அழைப்பது உரிமையே. பணம் குறைவாகத்தான் கிடைக்கும், வண்டி வரவும் தாமதமாகும். புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்தின் எல்லையிலிருந்து தமிழ்நாடு வாரியத்தின் எல்லைக்குப் பெட்டி நகரும்போது யார் பொறுப்பு என்ற குழப்பமும் வரும். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை என்றாலும், தாள்களுக்கு அது வேறு மாநிலம்.

மறுசுழற்சியாளரிடம் போனாலும் மெக்கானிக்கின் வேலை குறைவதில்லை. புதிய ஃபிரிட்ஜ்களின் சுவர் நுரையை ஊதப் பயன்படும் சைக்ளோபென்டேனும் எரியக்கூடியது. அரைக்கும்போது அது வெளிவரும் என்பதால், முறையான ஆலைகள் மூடிய அரைப்பானில் நைட்ரஜனை நிரப்பியே நொறுக்குகின்றன. காயலான் கடையில் அதே நுரையை உரித்துக் குப்பையோடு கொளுத்துகிறார்கள். அதனால் எந்த வழியில் அனுப்பினாலும், வீட்டைவிட்டுப் போகுமுன் வாயுவை எடுத்து, எண்ணெயிலிருந்து உறிஞ்சி, நைட்ரஜனால் நிரப்பி, குழாய் முனையை நசுக்கி மூடி, ‘வாயு நீக்கப்பட்டது’ என்று வாயுவின் பெயரும் தேதியும் சேர்த்துத் தமிழில் எழுதி ஒட்டிவிட வேண்டும். கதவையும் கழற்றிவிடுவது நல்லது. தெருவோரம் கிடக்கும் பழைய ஃபிரிட்ஜுக்குள் குழந்தைகள் ஒளிந்துகொள்வார்கள்.